வாள் பிடித்த அண்ணி

"ஒழுங்கா விழு. நல்ல நம்பரா விழு!" என்று அதட்டிவிட்டுத்தான் அண்ணி பகடையை உருட்டுவார். ஆஸ்பத்திரியில், முடங்கிப்போன மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. நோயாளிகளையும் இப்படித்தான் அதட்டுவாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும் விளையாட்டு இது. ஆளுக்கொரு வேடம், நடுவில் விரித்த பலகையில் ஆளுக்கொரு காய். தன் முறை வரும்போது தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். கதையை நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் அண்ணன். நண்பரான மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி, நான் திருடன், அண்ணி வாள்வீராங்கனை. "மந்திரம் எல்லாம் எதுக்கு? எனக்குக் கையும் காலும் போதும்" என்று ஆசையாகத்தான் அதை எடுத்துக்கொண்டார்.

போதவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் முறை வந்தால், நெருப்பா, பனியா, மாயமாய் மறைவதா என்று விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எங்கள் உயிரை வாங்குவார். அண்ணிக்கு ஒரே வார்த்தைதான்: "வெட்டுறேன்." பகடை உருளும், அடுத்த ஆள். காலை இடறிவிடட்டுமா என்று கேட்டால், "விதியில இல்லையேம்மா" என்பான் அண்ணன். எதிரியின் கேடயத்தைப் பிடித்து இழுக்கட்டுமா? அதுவும் இல்லையாம். வானத்திலிருந்து நெருப்பைக் கொட்டலாம், ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. என்ன நியாயம் இது? எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் ஒரு பாலத்தின் மேல் சண்டை. நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பேசிவிட்டு அண்ணி திரும்பி வருவதற்குள் அவர் முறை முடிந்திருந்தது.

"நீ எப்படியும் வெட்டத்தானே போற? அதான் நானே உருட்டிட்டேன்" என்றான் அண்ணன், ஏதோ உபகாரம் செய்துவிட்டவன் போல.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் எதுக்குங்க இங்க? என் நாற்காலியில ஒரு தலகாணிய வெச்சு ஆடிக்கோங்க! தோளைப் பிடிச்சு ஒரு திருப்பு திருப்பினா எவ்வளவு பெரிய ஆளும் மண்டி போடுவான். தள்ளலாம், இழுக்கலாம், அடிக்கிற மாதிரி ஏமாத்தலாம், மந்திரவாதிக்கு விழுற அடிய நான் வாங்கிக்கலாம். இதுக்கெல்லாம் மந்திரமா வேணும்? அடுத்த வாரமும் வெட்டு மட்டும்தான்னா, நான் ஆட வரல."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

சிரிப்பு நின்றது.

இந்த வாரம் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கி வந்து விதியை மாற்றினான். தள்ளலாம், இடறலாம், கூட்டாளியை மறைத்து நிற்கலாம். ஆனால் ஒரு முறைக்கு ஒன்றுதான். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மந்திரங்களெல்லாம் தீர்ந்துபோய் மந்திரவாதி பாலத்தின் ஓரத்தில் நிற்கிறார். எதிரிகளின் தலைவன் கோடரியை ஓங்கிவிட்டான். குறுக்கே பாய்ந்து அந்த அடியை வாங்குவதா, அவனை ஆற்றுக்குள் தள்ளிக் கூடவே விழுவதா?

அண்ணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு அண்ணியின் வாயையே பார்த்தார். அவர் உயிரல்லவா!

"என்னம்மா, வெட்டுறியா?" என்ற அண்ணனின் கை, பழக்கதோஷத்தில் பகடையை எடுக்கப் போனது.

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார் அண்ணி.