நாற்பது மைக்ரோ செகண்டும் ரெண்டு அஞ்சு பஸ்ஸும்

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது என் தொழில்; மனிதர்களிடம் அதை அளந்து பார்க்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. இயந்திரத்தின் முன்னால் பதிலுக்குக் காத்துக் கண் பூத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் வாரம்

எண்பதுகளின் நடுவில், நான் வேலை பார்த்த சென்னைக் கம்பெனி அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கம்ப்யூட்டர் செய்து கொடுத்தது. பெல்ட்டில் ஓடிவரும் சுண்ணாம்புக்கல்லோடு இரும்பு கலந்து வந்தால் ஒரு கருவி மின்குறிப்பு அனுப்பும். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என்னைக் கவனி என்று அதற்குப் பொருள்; இன்டரப்ட் என்போம். கம்ப்யூட்டரின் வேலைகளைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரலான கெர்னல் அதைக் கேட்டு, கல்லை நொறுக்கும் கிரஷருக்குள் இரும்பு விழுமுன் பெல்ட்டை நிறுத்த வேண்டும். அதற்கு இரண்டு விநாடி அவகாசம்.

மின்குறிப்புகளைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் ஒரு ஒயரைக் குறிப்பு வரும் இடத்திலும் இன்னொன்றைக் கெர்னல் பதில் தரும் இடத்திலும் மாட்டினேன். பச்சைத் திரையில் இரண்டு படிகள் எழுந்தன. இடைவெளி நாற்பது மைக்ரோ செகண்ட். ஒரு விநாடியில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. எழுதிக் கையெழுத்திட்டேன். ஆலை மேலாளர் படித்துவிட்டு, "மனுஷன விட நம்பலாம்னு சொல்லுங்க," என்றார்.

இரும்புப் பல்

மூன்றாம் மாதம் ஒரு மதியம், இரண்டு மணிக்குச் சற்று முன், காலை ஷிப்ட் முடியும் நேரம், கல் வாரும் இயந்திரத்தின் இரும்புப் பல் ஒன்று கழன்று பெல்ட்டில் வந்தது. பெல்ட் நிற்கவில்லை. கிரஷர் உடைந்தது. ஆபரேட்டர் அருள்சாமி கம்ப்யூட்டரைத் துண்டித்து வைத்திருந்தார் என்று முடிவுகட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அவருக்கு எதிரான ஒரே சாட்சி என் அறிக்கை.

இரண்டு நாள் மறுபடி அளந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் நாற்பதுதான். சாப்பாட்டுத் தூக்கை எடுக்க கேட்டுக்கு வந்த அருள்சாமி என்னைப் பார்த்து நின்றார். "நான் எதையும் தொடலீங்க. நீங்க எழுதுனதுதாங்க என் கழுத்துல நிக்குது," என்றார்.

வரதராஜன்பேட்டை

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஐந்து நிமிஷம் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷிப்ட் கணக்குத் தாளைச் சங்கு ஊதிய பிறகுதான் கம்ப்யூட்டரில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. அவர் முன்கூட்டியே அச்சுப் பித்தானை அமுக்கியிருந்தார். சொன்னால் அதற்கும் தண்டனை வருமென்று மறைத்திருக்கிறார். "எல்லாரும்தாம்மா அமுக்குவோம். ரெண்டு அஞ்சு பஸ்ஸ வுட்டா அடுத்தது நாலு மணிக்குத்தான்," என்றார்.

விசாரணை

திரும்பும் வழியில்தான் உறைத்தது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தபோது மட்டுமே நான் அளந்திருக்கிறேன். மறுநாள் பித்தானை அமுக்கி, பிரிண்டர் கடகடத்துக்கொண்டிருக்கும்போது குறிப்பை அனுப்பினேன். இரண்டாவது படி திரையில் எழவேயில்லை. ஆசிலாஸ்கோப்பின் நேரக் குமிழை மெதுவான பக்கம் திருகிக்கொண்டே போனேன். ஏறக்குறைய மூன்று விநாடி கழித்து எழுந்தது. எழுத்துகள் சிதறக் கூடாதென்று, ஒரு வரி அச்சாகி முடியும்வரை கெர்னல் காதைப் பொத்திக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள் எங்கள் ஆட்கள்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் கிரஷர் பக்கம் வரச்சொன்னேன். உடைந்த கிரஷர் ஓடாமல் கிடக்க, பிரிண்டரை ஓடவிட்டு, அதே இரும்புப் பல்லைப் பெல்ட்டில் வைத்தேன். அது உள்ளே விழுந்து கணீரென்றது. பெல்ட் அதற்கப்புறம்தான் நின்றது. என் அறிக்கை தவறு என்று என் வாயாலேயே சொன்னேன். மேலாளர் மூன்று முறை செய்துகாட்டச் சொன்னார். மூன்றாவது கணீருக்குப் பிறகு, "அருள்சாமியத் திங்கக்கிழமை வேலைக்கு வரச்சொல்லுங்க," என்றார்.

திங்கட்கிழமை

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் காதைத் திறக்கும்படி கெர்னலை மாற்றினோம். இப்போது மிக மோசமான தாமதம் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. நாற்பதைப் போல அழகான எண் இல்லை. ஆனால் மெய்யான எண். அருள்சாமியே அச்சுப் பித்தானை அமுக்கி, பல்லைப் பெல்ட்டில் எறிந்தார். பல் கிரஷரின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் வந்து தணிந்த குரலில், "அப்ப இனிமே முன்னாடியே அமுக்கிட்டுக் கெளம்பலாங்களாம்மா?" என்றார்.

எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று ஆயிரம் தடவை அளந்த எனக்கு, கேட்கப்படுபவர் அந்நேரம் வேறு வேலையாக இருந்தாரா என்று விசாரிக்கத் தோன்ற, பஸ் பிடிக்கும் அவசரத்திலிருந்த ஒருவர் தேவைப்பட்டார்.