இருநூற்றொரு ரூபாய் டிக்கெட்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பூக்காரி முழம் போட்டால் நான் பூவைப் பார்க்க மாட்டேன், அவள் முழங்கையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். சிரித்துப் பேசுகிற யாரும் அவருக்கு நல்லவர்தான். அவர் கீபோர்டு வாசிப்பார், நான் பாடுவேன், ரிதம் பேடுக்கு ஒருவர் உண்டு. அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கோயில் பொங்கல், காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று சீசனுக்கு வேலை இருக்கும். விழாக் கமிட்டிக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைப்பார்கள். அதை வாங்கிவிட்டால் காய்ச்சலோடும் போய்ப் பாடியாக வேண்டும். கொடுத்தவர்களும் பேச்சு மாற மாட்டார்கள்.

மதுரையிலிருந்து வந்த அந்த ஏற்பாட்டாளர் வெற்றிலை வைக்கவில்லை. டிக்கெட் கட்டு ஒன்றை வைத்தார். சென்னையிலிருந்து சினிமாப் பாடகர் ஒருவர் எங்கள் ஊர் மண்டபத்தில் பாட வருகிறாராம். அவருக்கு முன்னால் அரை மணி நேரம் நாங்கள் பாட வேண்டும். சம்பளம் ஐயாயிரம். ஆனால் இருநூறு ரூபாய் டிக்கெட்டில் ஐம்பதை நாங்களே விற்றுத் தர வேண்டும், விற்காததற்கான பணம் சம்பளத்தில் கழியும். பாதிதான் விற்றோம் என்றால் எங்களுக்கு ஒரு பைசா மிஞ்சாது.

"அந்தப் பாடகரும் டிக்கெட் விக்கிறாகளா?" என்று கேட்டேன்.

"அக்கா நல்லா தமாஷ் பண்றீங்க. இது உங்களுக்கு எப்பேர்ப்பட்ட மேடை தெரியுமா?"

மேடை என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. காசுக்குப் பதில் கௌரவம் தருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைத்தெருவில் கேட்டுப் பார்த்தோம். "போன்ல சும்மாவே கேக்கலாமேக்கா" என்று சிரித்தே அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் திருச்சுழிப் பக்கத்துச் சொந்தங்களைத் தேடி பஸ் ஏறினோம். சொந்தக்காரர்களிடம் டிக்கெட்டை நீட்டிக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் குங்குமச் சிமிழை எடுத்துப் போய், விசேஷத்துக்கு அழைப்பது போலவே அழைத்தேன்.

என் பெரியப்பா டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே போய் இருநூறு ரூபாயோடு ஒரு ரூபாய் நாணயத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தார். எனக்குப் பகீரென்றது. அந்த ஒற்றை ரூபாய் சேர்ந்தால் அது மொய். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நாங்கள் திருப்பிச் செய்தாக வேண்டும். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. போன வீட்டிலெல்லாம் அதே நாணயம்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: "டிக்கெட்டு காசு மதுரைக்காரருக்குப் போகுது. திருப்பிச் செய்யிற கடன் நமக்கு. சம்பளமும் வரலன்னா நம்ம கைக்காசு போட்டுப் பாடுன மாதிரிங்க."

"நீ பாட்ட மட்டும் யோசி புள்ள" என்றார் இவர்.

பாதிக்கட்டுகூடத் தீரவில்லை. போனில் சொன்னபோது ஏற்பாட்டாளர் கோபப்படவே இல்லை. "பாத்துக்கலாம்க்கா, முடியட்டும்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் பெரியப்பா தன் மகனுடைய லோடு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே மருமகள்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார். கையில் ஒரே டிக்கெட். பின்னால் வந்த வண்டிகளிலும் அதே கதை. வாசலில் நின்றவர் ஒரு டிக்கெட்டுக்கு ஒருவர்தான் என்று மறித்தார்.

"எங்க பிள்ள குங்குமம் குடுத்துல்ல அழச்சிருக்கு? வீட்டோட வராம ஒத்தையிலயா வருவாக?" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

சண்டை மூளப்போகிறது என்று ஓடினேன். அதற்குள் ஏற்பாட்டாளர் வந்து கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாரையும் உள்ள விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷன் இத்தனை பேரைச் சும்மா விடுகிறாரா? எனக்கு அது கொஞ்சமும் பிடிபடவில்லை. மேடைத் திரையை விலக்கிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எங்கள் ஆட்கள் உட்கார்ந்த பக்கம் தவிர மண்டபம் முழுக்க வெறும் நாற்காலி.

நாங்கள் பாடினோம். பெரியப்பா துண்டை வீசினார், பிள்ளைகள் விசிலடித்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் எழுந்தார். அவரோடு கூட்டம் மொத்தமும் எழுந்தது.

ஏற்பாட்டாளர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். "அக்கா, உக்காரச் சொல்லுங்க. சார் கார்ல வந்துட்டாரு. காலிச் சேரப் பாத்தா இறங்க மாட்டாரு."

"எங்க சம்பளம்?"

"நாளைக்குப் போட்டு விடுறேன்க்கா. சத்தியமா."

"லோடு வண்டில ஏறிட்டாகன்னா என்னாலயும் இறக்க முடியாது சார்."

அவர் போனை எடுத்தார். என் போனில் சத்தம் வந்தது. அப்போதும் நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். முழுப்பணமும் வந்திருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

பெரியப்பா வாசல்வரை போய்விட்டார். "அதான் நம்ம பாட்டு முடிஞ்சிருச்சுல்லத்தா. இனி வாரவுக யாரோ எவரோ" என்றார்.

"நம்ம மேடைக்கு வார விருந்தாளி பெரியப்பா. அவுக வரையில எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தெரியாத பாட்டுக்கெல்லாம் முடியும்வரை மரியாதையாகக் கைதட்டினார்கள். பாடகர் அருப்புக்கோட்டை ரசிகர்களைப் புகழ்ந்து தள்ளினார்.

கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஏற்பாட்டாளர் மறுபடி வந்தார். ஏதாவது ஒரு பாட்டைப் பற்றிச் சொல்வார் என்று, இத்தனைக்குப் பிறகும், எனக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"அக்கா, அடுத்த மாசம் விருதுநகர்ல ஒரு நிகழ்ச்சி இருக்கு. அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க எத்தன குடும்பம் இருக்கும்?"

என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.