மாதம்மாவின் நார் அறவில்லை

அதியமான்கோட்டை நெடுஞ்சாலைக் கடையில் டீயைக் கையில் வாங்கியபோது இண்டூர் கயிற்றுக்கூடத்திலிருந்து செல்வி போனில் பேசினாள். "மாதம்மாக்கா விடியக்காலையில தவறிட்டாங்க சார். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு." முதலில் சொல்லத் தகுந்த ஆளா நான்? டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

அந்தக் கூடத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தேங்காய் நாரை முறுக்கிப் பாயாக நெய்து தருவீர்கள். பொறியாளனான நான் அதை ஏரிக்கரைச் சரிவில் விரித்து, மேலோரத்தில் மட்டும் முளைக்குச்சி அடிப்பேன். பாய் மக்குவதற்குள் புல் வேர்பிடித்து மண்ணைக் காத்துக்கொள்ளும். அதில் எனக்கு நல்ல பெயர். மணல் அரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவக் குப்பத்திலிருந்து அதே வேலைக்கு அழைப்பு வந்தபோது, பாயோடு மாதம்மாவையும் கூட்டிப்போனேன்.

அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. ஒரு காலை முழுக்க மணலில் உட்கார்ந்து அலையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏரித் தண்ணி தள்ளுதுங்க. இது இழுக்குது. திரும்பிப் போவும்போதுதான் மண்ண வழிச்சிக்கிட்டுப் போவுது. கீழோரத்தப் பள்ளம் பறிச்சிப் பொதைச்சி, அங்கயும் குச்சி அடிங்க சார்."

"இன்னைக்குத்தான் கடலப் பாத்தீங்க, அதுக்குள்ள எனக்கே பாடமா?" என்று வேலையாட்கள் முன்னால் கேலி செய்தேன். அவரும் சிரித்துவைத்தார். ஏரிக்கு அடித்த மாதிரியே மேலோரத்தில் மட்டும் அடித்துவிட்டு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டேன். மணலைப் பிடிக்க நட்ட அடப்பங்கொடி வேர்விடும் முன்பே அலை பாயைச் சுருட்டி இழுத்துப்போனது. கரையொதுங்கியதை நானே தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அறிக்கையில், நார் தரமில்லை என்று எழுதினேன்.

நான் ஊர் திரும்பியதும் மாதம்மா ஒன்றுதான் கேட்டார். "நாரு அறுந்துச்சா, குச்சி புடுங்கிக்கிச்சாங்க?"

"நார்தான்" என்றேன்.

மறுநாளே கூடத்தில் இருந்த பாய்களையெல்லாம் பிரிக்கச் சொன்னார். உங்களுக்கு நினைவிருக்கும்; உள்ளங்கைத் தோல் உரிய மறுபடி முறுக்கினீர்கள். செல்வி முணுமுணுத்தபோது, "தப்பு நம்ம கையில இருக்குதுடி. அத மொதல்ல சரி பண்ணணும்" என்றார். நான் அங்கேதான் நின்றேன். அதன்பின் கடல் வேலை எதுவும் கூடத்துக்கு வரவில்லை. அதற்கும் தன் முறுக்கையே குறை சொல்லிக்கொண்டார்.

வெட்கக்கேட்டை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கடற்கரையில் வேறு இடத்துப் பாயை வாங்கி, அவர் சொன்னபடி கீழோரத்தைப் புதைத்தேன். கரை நின்றது. யார் யோசனை என்று கேட்டார்கள். அனுபவம் என்றேன்.

புது முறுக்கில் ஒரு முழக் கயிற்றை அவர் என்னிடம் தந்திருந்தார். "இழுத்துப் பாருங்க சார். இப்ப அறாதுங்க." அது என் மேசையில் கிடக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு முழம்தான். இதுவரை நான் அதை இழுத்துப் பார்த்ததில்லை. பழைய கயிறே அறவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குக் கடைசிவரை தெரியாது.