எப்சிபாவின் காதில் விழுந்த பொத்தான்

சித்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கும் எப்சிபாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அதைவிட எரிச்சலான சங்கதி, அவளுக்கு என்னென்ன வராது என்று ஊரே தெரிந்து வைத்திருந்தது. படிப்பு வராது என்றார்கள், படித்துத் தேறினாள். காணிப்பாக்கம் லாட்ஜில் போன் எடுக்கிற வேலை ஒத்துவராது என்றார்கள். தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி ரூம்களை நிரப்பினாள்.

பிறகு திருப்பதியில் ஆப் செய்யக் கற்றுத்தரும் கோர்ஸில் போய்ச் சேர்ந்தாள். அதில் தேறினால் ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிடும். கட்டங்களை மௌஸால் இழுத்து ஒட்டுகிற வகைப் பாடம் அது. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலைக்கு இவள் எதற்கு என்று பாடம் நடத்தும் சம்பத் முதல் நாளே அலுத்துக்கொண்டார்.

எப்சிபா மௌஸைத் தொடவே இல்லை. திரையின் ஓரத்தில் காம்பொனன்ட் ட்ரீ என்று ஒன்று உண்டு. ஆப்பில் எதற்குள் எது இருக்கிறது என்று கிளை பிரித்துச் சொல்லும். அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி அவள் அந்த மரத்தில் ஏறி இறங்கினாள். ஹெட்போன் ஒவ்வொரு பெயராக வாசித்தது. அவளைப் பெற்ற நைனா சைமன் ஓட்டும் ஆட்டோவைக் கூப்பிட ஓர் ஆப் அப்படித்தான் உருவானது.

தேர்வன்று சம்பத் திரையைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிடும் பொத்தானே காணோமே என்றார். இருக்கிறது என்று எப்சிபா அடித்துச் சொன்னாள். அவள் காதில்தான் விழுகிறதே! வகுப்பு சிரித்தது. பக்கத்து நாற்காலி மோகனப்ரியா பரிதாபப்பட்டு மௌஸைப் பிடித்தாள்.

"கை எடுடி. நான் தேடிக்கினுதானே இருக்கேன்."

மோகனப்ரியாவின் கையை விலக்கிவிட்டு எப்சிபா மறுபடி அம்புக்குறி விசையைத் தட்டினாள். பொத்தானிலிருந்து ஒரு கிளை மேலே போனாள். அங்கே இருந்தது வினை. பொத்தான் இருந்த பெட்டியை எதையோ சோதிக்க மறைத்து வைத்தவள், திரும்பக் காட்ட மறந்திருந்தாள். மறைத்தாலும் மரத்தில் பெயர் இருக்கும், திரையில் இருக்காது. பெட்டியைக் காட்டச் செய்தாள். பொத்தானும் கூடவே வந்தது.

சம்பத்துக்கு மனசு இளகிவிட்டது. உன் விஷயத்தில் இதையெல்லாம் பார்க்கமாட்டேன் அம்மா, ஃபுல் மார்க் என்றார். வகுப்பு கைதட்டியது. எப்சிபாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

"மோகனா இதே தப்பு பண்ணியிருந்தா எவ்ளோ கொறைப்பீங்க சார்?"

பத்து என்றார், குரல் இறங்கிப்போய்.

"எனக்கும் கொறைங்க. தப்பு என்னுது."

கைதட்டல் நின்றுபோனது. சம்பத் பத்தைக் குறைத்தார். மிச்சமே தேறப் போதுமானதாக இருந்தது. எல்லாரையும் போல அவள் மார்க் வாங்கியது அன்றைக்குத்தான்.