இரண்டாம் கேமராவில் பதிந்த சிரிப்பு

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, க்ளெண்டேல் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. அவர் டார்ச் பிடித்தார். நான் ஸ்பானரைத் திருப்பினேன்.

"போதும்டி. ரொம்ப இறுக்காத, ரப்பர் பிஞ்சிடும்."

"லென்ஸ் கம்பெனி இன்ஜினியர்ப்பா நான். தெரியும்."

"தெரிஞ்சவதான் போன தடவை பைப்பையே உடைச்சா."

அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்.

அப்பா வெர்ன் டிப்டன், ஹாலிவுட்டில் மௌனப்படக் காலத்து இரண்டாம் கேமராக்காரர். அப்போது ஒவ்வொரு காட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இரண்டு கேமராக்கள் எடுக்கும். முதலாவதன் நெகட்டிவ் அமெரிக்காவுக்கு. இரண்டாவது ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிடும். அதை இங்கே யாரும் பார்ப்பதில்லை.

அம்மா சிக்னி, சுவீடன்காரி. ஒரு காதல் நகைச்சுவைப் படத்தில் கதாநாயகிக்கு டூப். ரொட்டிக்கடைப் பெண், தபால்காரனைப் பார்த்த பரவசத்தில் சைக்கிளோடு குதிரைத் தொட்டிக்குள் விழ வேண்டும். விழுவது அம்மா, எழுவது கதாநாயகி. அதுதான் திட்டம். விழுந்த அம்மா தானே எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். படப்பிடிப்பே குலுங்கிச் சிரித்ததாம்.

"படத்துல விழறது கதாநாயகி, எந்திரிக்கிறது வேற ஒருத்தி! அப்படியே இருக்கட்டும்," என்றார் டைரக்டர். "அடுத்த படத்துல உனக்கு வேஷம் இருக்கும்மா, சிக்னி."

அப்போதுதான் முதல் கேமராவில் பிலிம் சிக்கிக் கிழிந்திருப்பது தெரிந்தது.

"வெர்ன், உன்கிட்ட இருக்கா?"

"இல்ல சார். வெளிச்சம் பூந்துடுச்சு. போச்சு."

அம்மா மறுபடி விழுந்தாள், மறுபடி சிரித்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் கதாநாயகியைக் கூப்பிட்டார். அடுத்த படத்தில் வேஷம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அம்மா அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஸ்டூடியோ உடைகளுக்கு இஸ்திரி போடப் போனாள்.

இதையெல்லாம் அம்மா வேடிக்கையாகத்தான் சொல்வாள். தொட்டியில் விழுவதை நாற்காலியிலிருந்து நடித்தே காட்டுவாள். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில், அவள் சித்தப்பா மகன் குன்னார் கப்பல் வேலையாக வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அதன் பிறகு அவள் சொன்னதில்லை.

"அடியே சிக்னி, குதிரைத் தொட்டியிலருந்து எந்திரிச்சு ஒரு சிரிப்பு சிரிச்சியே! நம்ம ஊரு கோத்தன்பர்க் தியேட்டர்ல நாங்க விசில் அடிச்சதுல கூரை பறந்துச்சு."

"அது நான் இல்லண்ணே, அந்த நடிகை."

"என் தங்கச்சி மூஞ்சி எனக்குத் தெரியாதா? கீழ்ப்பல்லு கோணல்கூடத் தெரிஞ்சுது."

அம்மா கரண்டியை வைத்தாள். "வெர்ன். உன் பிலிம் வீணாப்போச்சுன்னு சொன்னியே?"

"சூப் ஆறுது. சாப்பிடு."

கெட்டுப்போனதாக அவர் பொய் சொன்ன சுருள் மற்றவற்றோடு கப்பலேறியிருந்தது. ஐரோப்பாவில் சுவீடனும் இருக்கிறது என்பது அன்று கேமராவின் பின்னால் நின்றவருக்குத் தோன்றவில்லை.

குன்னார் ஊருக்குப் போய், தியேட்டர்காரரிடம் கிடந்த பழைய பிரதியிலிருந்து அந்தத் துண்டை வெட்டி வாங்கிப் பார்சலில் அனுப்பினார். பார்சல் வந்திருப்பதாகச் சான் பெட்ரோ துறைமுகச் சுங்கத்திலிருந்து தகவல் வந்தது.

"நீ போய் எடுத்துட்டு வா, வெர்ன்," என்றாள் அம்மா.

"வெள்ளிக்கிழமை போறேன்."

வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்தது என்றார். அடுத்த முறை டிராம் ஓடவில்லை என்றார். அம்மாவை நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"நீ போகாத. நானும் போகமாட்டேன். உங்கப்பாதான் கொண்டுவந்து என் கையில குடுக்கணும்."

அம்மா தன் சிரிப்பைப் பார்க்காமலே செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வந்த அன்று அப்பாவிடம் கேட்டேன், ஏன் போகவில்லை என்று.

"பாத்தா என்னை விட்டுப் போயிடுவாளோன்னு இருந்துச்சு."

"அவதான் உனக்காக இஸ்திரிப் பெட்டியோட கிடந்தாளே."

வீட்டு வாசலிலிருந்து சான் பெட்ரோவுக்கு ஒரே ஒரு முறை வண்டி மாற வேண்டும். அப்பா போகவேயில்லை.