ஜெசிந்தாக்கா இரவல் கேட்டுப் போன வீடுகள்

கட்டுக்கரைப் பக்கம் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு மன்னாருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது றசியா தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் நிலையத்தில் என்னோடு வேலை செய்கிறவள். "மிஸ், இருக்கிறீங்களா, நிக்கிறீங்களா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். "ஜெசிந்தாக்கா மௌத்தாப் போயிட்டாங்க." காலைப் பூசைக்குப் போய் வந்து, தலை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். பேசாலையில் ஒரு கத்தோலிக்க வீட்டில் நடந்த சாவை எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெண் தன் வீட்டுச் சொல்லால் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமை நிரோசாவோடு நீதிமன்றத்துக்கு யார் போவது என்ற கேள்விதான் முதலில் வந்தது. நிரோசா என்பது நான் இங்கே வைக்கும் பெயர். கணவன் அடித்துக் கை முறிந்தவள். பல தவணை தள்ளிப்போன வழக்கில் அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள் அந்தச் செவ்வாய். ஒவ்வொரு தவணைக்கும் அவள் பக்கத்தில் இருந்தவர் அக்கா. அக்காவை அறிந்த நீங்கள் என் எண்ணத்தைக் குறையாக எடுக்கமாட்டீர்கள். செத்த வீட்டுக்குப் போனால் அவரும் மாலையை வைத்துவிட்டு நிமிரும்போதே, "இந்த வீட்டுப் பொம்பிளைக்கு இண்டைக்கு ஆர் துணை?" என்றுதான் கேட்பார்.

அடி உதைக்கு ஆளாகும் பெண்களுக்கான எங்கள் சிறிய நிலையத்துக்கு அவர் வந்தது, அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு. அத்தனை காலம் ஒரே கதிரையில் எப்படி இருந்தார் என்று எனக்கு விளங்குவதே இல்லை. கூட்டம் நடக்கும்போது எழுந்து யன்னலடிக்குப் போவார், வருவார், மின்விசிறியைக் கூட்டுவார், குறைப்பார். "ஒருக்கா இருங்கோவன் அக்கா, எங்களுக்குத் தலை சுத்துது" என்றால், "சுத்தட்டும், அப்பதான் நாலு பக்கமும் தெரியும்" என்பார்.

இரவல் கேட்டுப் போவது அவர் தொடங்கிய வேலை. ஒரு வீட்டில் சத்தம் எழுந்தால் அயலில் உள்ள ஒரு பெண் ஏதாவது கேட்டு அங்கே போக வேண்டும். உப்பு, சுளகு, பழகிய வீடென்றால் கத்தி. சண்டையைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. கேட்ட சாமான் கைக்கு வந்தாலும் உடனே எழும்பக்கூடாது; தேத்தண்ணி வருமட்டும் இருக்க வேண்டும். ஒருத்தி எழும்பும்போது அடுத்தவள் வேறு ஏதாவது கேட்டு வருவாள். முறை வைத்துச் செய்தார்கள். விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்க மனைவியை அடிக்க எங்கள் ஊர் ஆண்களுக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அக்கா இறங்கினார்.

ஒரு மாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலை மறித்துக்கொண்டு நின்ற மனிதனுக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, திருவலையை ஒருக்காத் தா."

"ஏன், உங்கட வீட்டில இல்லையோ?"

"இருக்கு. பல்லு மழுங்கிப் போச்சு, என்ர பல்லு மாதிரி."

"இவ ஆர்?"

"இவ எங்கட மிஸ். தேங்காய் துருவப் பழக வந்திருக்கிறா. கம்பசில அதைப் படிப்பிக்கேல்லையாம்."

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அந்த மனிதனுக்கு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அக்கா அவசரமில்லாமல் தேத்தண்ணி குடித்தார். அவர் அவசரப்படாமல் இருந்து நான் பார்த்தது அந்த மாதிரி வீடுகளில் மட்டும்தான்.

ஆண்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் இளந்தாரிகள் எங்களைக் கண்டால், "இரவல் சங்கம் வருகுது, கத்தியளை ஒளியுங்கோடா!" என்று கத்துவார்கள். "ஒளியாதை ராசா, அதைத்தான் வாங்க வந்தனான்" என்று அக்காவும் திருப்பிக் கத்துவார்.

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத வாக்குவாதம். இப்படிப் போய் இருந்துவிட்டு வருவதால் குற்றம் மறைந்துபோகிறது, முறைப்பாடு பிந்துகிறது, அவன் திருந்துவதில்லை, நாங்கள் நாளைத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்வேன். "ஓம், தள்ளித்தான் போடுறன்" என்பார். "பொலிசுக்குப் போகத்தான் வேணும். பொலிஸ் வருமட்டும் அவள் உயிரோட இருக்க வேணுமே."  என் மனம் இதை முழுதாக ஏற்றதும் இல்லை. அவர் போன பிறகும் அந்த வாக்குவாதம் எனக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. என் பக்கத்தை நான் சொல்கிறேன்; அவருடைய பக்கத்தையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிரோசாவின் வீடும் முறை வைத்துப் போன வீடுகளில் ஒன்று. அந்தப் பக்கத்துக் கரையோரக் கிராமங்களில் தவக்காலம் வந்தால் குடிக்கிற ஆண்கள் பலர் நேர்த்தி வைத்துக் குடியை விடுவார்கள். அவள் கணவனும் விட்டான். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிலுவைப்பாதைக்கு வந்தான். ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அமைதி. "இவன் திருந்திட்டான், இனி நாங்கள் போய் நிண்டா அவனுக்கு வெக்கக்கேடு" என்று சொல்லி, அக்கா அந்த வீட்டுக்குப் போகும் பெண்களை நிறுத்தினார். றசியா மட்டும் கேட்டாள். "நோன்பு முடிஞ்சாப் பெருநாள்தானேக்கா. பெருநாளைக்கு அந்த வீட்டுக்கு யாரு போறது?" அக்கா சிரித்தார். "பெருநாளுக்குப் புரியாணி கேட்டு நீ போ."

தவக்காலம் முடிந்த உயிர்ப்பு ஞாயிறு மாலை நிரோசாவின் கை முறிந்தது. விட்டிருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து அவன் குடித்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் அக்கா அவளுடைய கட்டிலடியில் நின்று, "பிள்ளை, நான் பிழை விட்டுட்டன்" என்றார். நிரோசா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்களோ அக்கா அடிச்சனீங்கள்?"  அடுத்த கூட்டத்தில் அக்கா எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நடந்ததைத் தானே சொன்னார். தவக்காலத்து அமைதியைப் பார்த்து ஏமாந்ததாகச் சொன்னார். "இனிமேல் உயிர்ப்பு முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குத் தவக்காலம்" என்றார். அதன்பின் உயிர்ப்பு வாரத்தில் அவர் தன் வீட்டில் சமைத்ததில்லை. இரவல் கேட்டு வீடு வீடாக நடந்துகொண்டே இருப்பார்.

அக்காவின் செத்த வீட்டுக்கு நிரோசா வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களுக்கிடையில் அவளுடைய கணவனைப் பெற்ற மாமியும் இருந்தார். பிணையில் வந்து தன்னோடு இருக்கும் மகனின் உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாத கைம்பெண் அவர். செபம் முடிந்ததும் நிரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், ஜெசிந்தா போயிட்டா. இனி ஆரம்மா உன்னோட கோட்டுக்கு வாறது? விட்டுப்போடு மகள். இது தவக்காலம். ஆண்டவரே மன்னிச்சவர். அவனும் இப்ப குடிக்கிறேல்லை."

மாமியின் கண்ணீர் நடிப்பல்ல. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்ப் பேச நினைத்தேன். பெட்டிக்கு முன்னால் வழக்குப் பேச வாய் வரவில்லை. நிரோசா ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குனிந்தபடி கையைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். அடக்கம் முடிந்து சனத்துக்குள் தேடினேன். அவள் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

அவள் பின்வாங்கினால் வழக்கு விழுந்துவிடும், அவன் அந்த வீட்டுக்கே திரும்புவான், உயிர்ப்பும் வரும். இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அலுமாரியைத் திறந்தால் எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்க ஓர் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவளைத் தேடிப் போகலாமா, போனால் அதுவும் வற்புறுத்தல் ஆகாதா? மாமி ஒரு பக்கம் இழுக்கிறார். நான் மறுபக்கம் இழுப்பதற்குப் பெயர் உதவியா?

போகவில்லை. செவ்வாய்க்கிழமை நேரத்தோடே நீதிமன்ற வாசலில் போய் நின்றேன். பேசாலைப் பக்கமிருந்து முதல் பஸ் வந்தது. அதில் மாமி இறங்கினார், என்னைக் கண்டும் காணாதவர் போல உள்ளே போனார். நிரோசா இல்லை. அடுத்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். பின்னால் அவளுடைய ஒழுங்கைப் பெண்கள் இரண்டு பேர், அடுப்படியிலிருந்து நேரே வந்தவர்கள் போல.

"போன் என்ன நடந்தது, பிள்ளை?"

"நிப்பாட்டிப்போட்டன் மிஸ். எல்லாரும் எடுக்கினம். யோசிக்க விடுறாங்கள் இல்லை."

"யோசிச்சியோ?"

"மாமி தவக்காலம் எண்டு சொன்னவ. நானும் அதைத்தான் யோசிச்சனான். அண்டைக்கும் அவர் தவக்காலத்திலதானே நல்லவரா இருந்தவர்."

அவள் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். இன்னும் தீர்ப்பு வரவில்லை. வழக்குக்கு வேறு தவணை போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, அக்காவைப் பற்றித்தானே" என்றாள்.

வெளியே வந்ததும் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "மிஸ், எங்கட ஒழுங்கையில இன்னொரு வீடு இருக்கு" என்றாள்.

"சத்தம் கேக்குதோ?"

"இல்லை. சத்தமே இல்லை. அவளும் கிணத்தடிக்கு வாறேல்லை."

ஜெசிந்தாக்காவை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, அமைதியான வீட்டைக் கடந்து போக முடியாத இந்தப் பதற்றம். இது சுகமான சொத்து அல்ல. இறக்கி வைக்கவும் மனமில்லை. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் நிரோசாவும் நானும் அந்த வீட்டுக்குப் போவதென்று பேசியிருக்கிறோம். என்ன கேட்டுப் போவது என்பதுதான் முடிவாகவில்லை. கத்தி என்கிறாள் அவள். முதல் நாளே கத்தி கேட்டால் அந்த ஆள் உசாராகிவிடுவான் என்கிறேன் நான்.