இரண்டாவது மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, விளக்கேற்றுகிற கையால் இந்த விஷயத்தை எழுதுவதா என்கிற கூச்சம்தான் பெரிதாக இருந்தது. பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். போன வாரம் எங்கள் லைனில் ஒருத்தி, யாரோ சொன்ன பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றை நிறுத்தப் போவதாக என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் தள்ளக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கிறது. வீட்டுக்காரர் சுரங்கம் மூடுகிற வரைக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர். மூடிய பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. விடிவதற்கு முன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். லைன் கடைசியில் மாரியம்மன் கோயில். சின்னக் கோயில்தான். ஆடியில் கூழ் ஊற்றும்போது அம்மனுக்கு மாவிளக்கு போடுவோம். அந்த மாவை இடிப்பதும் வெல்லம் போட்டுப் பிசைவதும் மாதவிடாய் நின்றுபோன பெண்கள் மட்டும். நின்றுபோனதற்காக வீட்டில் ஒருத்திக்கும் புதிதாக மரியாதை வந்துவிடாது. ஆனால் எங்கள் கோயிலில் உலக்கையைக் கையில் கொடுப்பார்கள். கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்த முதல் ஆடியிலேயே, வாசலுக்கு வெளியே நின்று அந்த உலக்கைச் சத்தத்தைக் கேட்டேன். என்றைக்காவது நானும் உள்ளே உட்கார்ந்து அம்மனுக்கு இடிப்பேன் என்று அப்போதே ஆசைப்பட்டேன். வேறு பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை.

எனக்கு ஐம்பது வயது நெருங்கும்போது நின்றது. சந்தோஷப்பட்டேன். ஆனால் கூடவே சூடு வந்தது. நெஞ்சில் ஆரம்பித்து கழுத்து, முகம், தலை என்று குப்பென்று ஏறும். ஜாக்கெட் நனைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கும். தூக்கம் போயிற்று. எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில் கற்பூரம் காட்டும்போது அந்தச் சூடு ஏறியது. நிற்க முடியவில்லை. தலைமுடி அவிழ்ந்து விழ, மூச்சு வாங்க, தூணைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். பக்கத்தில் நின்ற எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"அம்மா வந்துட்டா. வழி வுடுங்க, வழி வுடுங்க."

கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது. அக்கா காலில் விழுந்து கேட்டார்.

"தாயே, எம் புள்ளைக்கு எப்ப வேல கெடைக்கும், சொல்லு தாயே."

"எனக்கு இன்னாக்கா தெரியும். கொஞ்சம் காத்து வர்ற பக்கமா வுடுங்க" என்றேன்.

"காத்து வர்ற பக்கம்னா பெங்களூர் பக்கம்தான்" என்று அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மன் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வந்தது அம்மன் இல்லை என்று தெரியும். உடம்பு சூட்டுக்கு நான்கு பேர் காலில் விழுவது சரியில்லை. அதனால்தான் முதல்முறையாக வாய் திறந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் ரயிலிறங்கி வரும்போதே சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா, உனக்கு சாமி வந்துச்சாமே. டேசன்லேர்ந்து வூடு வர்றதுக்குள்ள நாலு பேரு சொல்லிட்டாங்க."

"சாமி இல்லீங்க. உடம்பு. நின்னதுலேர்ந்து அனலா கீது."

சட்டையைக் கழற்றி மாட்டினார். "கீழ ஆழத்து லெவல்ல காத்து எட்டாத எடத்துல நிப்போம் பாரு, சட்டையப் புழிஞ்சா தண்ணியா ஊத்தும். அப்டியா?"

"அப்டித்தான். ஆனா நீங்க ஷிப்டு முடிஞ்சா கேஜ்ல ஏறி மேல வந்துடுவீங்க."

அடுத்த லீவு நாளில் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

பெண் டாக்டர்தான். கன்னடக்காரர். எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், பேசியது முழுக்க வீட்டுக்காரர். அது சுரங்க ஆஸ்பத்திரி காலத்துப் பழக்கம். அங்கே சீட்டு புருஷன் பெயரில்தான் இருக்கும். வரிசையில் அவர் முன்னால் நிற்பார், பின்னால் நாம் நிற்போம், என்ன வியாதி என்று அவரே சொல்லி மருந்தை வாங்கிக் கையில் கொடுப்பார். சுரங்கம் போய் எத்தனையோ வருஷமாகியும் எங்கள் வீடுகளில் அது போகவில்லை.

"இவங்களுக்கு உடம்பு சூடு டாக்டர். தூக்கம் இல்ல. கோவம் ஜாஸ்தி" என்றார். கோபத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

டாக்டர் ரத்தக்கொதிப்பு பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா, எனக்குக் காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்றெல்லாம் கேட்டார். உள்ளே படுக்க வைத்துச் சோதித்தார். ஹார்மோன் மாத்திரை எழுதினார். இரண்டு வகை. ஒன்று தினமும். இன்னொன்று மாதத்தில் கொஞ்ச நாள் மட்டும். "அது முடிஞ்சதும் மாசாமாசம் கொஞ்சம் ரத்தம் வரும். பயப்பட வேண்டாம்" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சரியா என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாத்திரை நன்றாகவே கேட்டது. சில வாரங்களில் சூடு இறங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. அடுப்பு முன்னால் நின்று தோசை ஊற்ற முடிந்தது. ஆனால் மாதாமாதம் ரத்தமும் வந்தது. அந்த வருடம் ஆடிக்கு உலக்கை பிடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். சரியாக அந்த வாரம் வந்துவிட்டது. கை வலி என்று சொல்லிப் போகாமல் இருந்தேன்.

அடுத்த ஆடி நெருங்கியபோது எதிர் வீட்டு அக்கா விடவில்லை. "போன வருசம் வர்ல. இன்னாம்மே உனக்கு, அம்மன் மேல கோவமா?" என்றார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

"இவ்ளோதானா?" என்றார் அக்கா. "என் தங்கச்சியும் அந்த மாத்திரதான் துன்றா. அவளுக்கு ஒரே மாத்திர. சூடும் இல்ல, தூரமும் இல்ல, கல்லு மாதிரி கீறா. நீ அந்த ரெண்டாவது மாத்திரைய வுட்டுடு. அதுதான் உனக்கு ரத்தத்தக் கூட்டியாருது."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அந்த மாத்திரை முடிந்தால்தானே வருகிறது. அந்த மாதம் அதை ஆரம்பிக்க வேண்டிய நாளுக்கு முன்பு, அட்டையைச் சாமி மாடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாயே, உனக்காகத்தான் விடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அம்மன் பெயரைச் சொல்லி ஒன்றைச் செய்கிறவள், அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் செய்யக்கூடாது என்று பட்டது. தெரிந்தவர் டாக்டர்தான். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"இந்த வாட்டி நீங்க வெளிய உக்காருங்க, நான் மட்டும் உள்ள போறேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நான் வராம நீ இன்னா சொல்லுவ?"

"நீங்க வந்தா நான் இன்னா சொல்லுவேன்?"

முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி, நான் டீ சாப்டறேன். கோவம் கொறைல, அதயும் சொல்லிடு" என்றார்.

டாக்டர் சூடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். குறைந்துவிட்டது, தூக்கம் வருகிறது என்றேன். "ரொம்ப நல்லது, அதையே தொடருங்க" என்று பேனாவைத் திறந்தார். அவர் எழுத ஆரம்பித்துவிட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தமிழில் தூரம் என்கிற சொல் வாயில் வரவில்லை. கன்னடத்தில் அதை 'முட்டு' என்பார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல்தான், ஆனால் எங்கள் வீட்டுச் சொல் இல்லை. அதனால் கூச்சம் கொஞ்சம் குறைவு.

"மேடம், முட்டு திரும்ப வருது. அது எனக்கு வேணாம்."

"அது முட்டு இல்லம்மா. மாத்திரையால வர்றது. முதல்லயே சொன்னேனே."

"சொன்னீங்க. அவருதான் சரின்னாரு. நான் சொல்லல."

பேனாவை மூடினார். "ரத்தம் வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்? வலியா?"

கோயிலைச் சொன்னேன், மாவைச் சொன்னேன், உலக்கையைச் சொன்னேன். "உங்களுக்கு அது மாத்திரை ரத்தம் மேடம். எனக்கு எப்படி வந்தாலும் ரத்தம்தான். வந்தா நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க மாமியார் இன்னும் என்னை அந்த நாள்ல அடுப்பு பக்கம் விடறதில்ல. நான் டாக்டர்" என்றார். அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் கேட்டுவிட்டேன்.

"ரெண்டாவது மாத்திரைய விட்டுட்டா வராதுன்றாங்க. விட்டுடட்டுமா?"

அவர் முகம் மாறியது. "விட்டுட்டீங்களா?"

"இல்ல. கேட்டுட்டு செய்யலாம்னு வந்தேன்."

மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முதல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், ஆனால் கர்ப்பப்பைக்குள் இருக்கிற சவ்வையும் வளர வைக்கும். இரண்டாவது மாத்திரை அந்தச் சவ்வை அடக்கி வைப்பது. அதை விட்டு முதல் மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் உள்ளே தடித்துக்கொண்டே போகும், நாள்பட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விட்டாலும் விடும். பிறகு கேட்டார், "உங்களுக்கு இதைச் சொன்னாங்களே, அவங்க தங்கச்சிக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை.

"முதல்ல நீங்க வந்தப்ப நின்னு சில மாசம்தான் ஆகியிருந்தது. அதனால அப்படிக் கொடுத்தேன். இப்ப மாத்தலாம். ரெண்டையும் தினமும் சாப்பிடற மாதிரி தரேன். ஆரம்பத்துல சில மாசம் அப்பப்ப கொஞ்சம் ரத்தம் படலாம். அப்புறம் நின்னுடணும். நின்னதுக்கப்புறம் திரும்ப வந்தா, கோயிலும் பார்க்காதீங்க, ஆடியும் பார்க்காதீங்க, உடனே இங்க வாங்க." ஹார்மோனே வேண்டாம் என்றால் சூட்டுக்கு வேறு மருந்தும் உண்டு என்றார். முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவரும் அன்றைக்கே கேட்டிருக்கலாம். பிறகு நான் போகும்போதெல்லாம் முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டுக்குப் போனேன். "யக்கா, உங்க தங்கச்சிக்குக் கர்ப்பப்பை கீதா?"

"அத எடுத்து எத்தினியோ வருசம் ஆச்சே. கட்டின்னு எடுத்துட்டாங்க. ஏன், நான் சொல்லலியா?"

"சொல்லலியேக்கா."

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. சொன்ன கதையில் அந்த ஒன்று விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். அது விட்டுப்போனதால் நான் என் உடம்பைக் கெடுத்துக்கொள்ள இருந்தேன், அதுவும் அம்மன் பெயரைச் சொல்லி.

அந்த ஆடியில் எனக்கு இன்னும் படுவது நிற்கவில்லை. கோயிலுக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்து கூழுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். இந்த முறை கை வலி என்று சொல்லவில்லை. கேட்டவர்களிடம் மாத்திரை என்றேன். அடுத்த ஆடிக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. உலக்கையை அக்காதான் என் கையில் கொடுத்தார். "காத்து வர்ற பக்கமா உக்காரு, தாயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகனுக்கு அப்போது பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. நான் இடித்தேன். மாவு ஈரமாக, வெல்ல வாசனையோடு இருந்தது. இப்போதும் ஒவ்வொரு ஆடியும் இடிக்கிறேன். டாக்டரிடமும் சொன்ன நாளில் தவறாமல் போய்ப் பார்க்கிறேன்.

மாத்திரையின் பெயரை நான் எழுதவில்லை, வேண்டுமென்றுதான். எனக்குக் கொடுத்தது உங்களுக்கு ஆகாமல் போகலாம். உங்கள் உடம்புக்கு எது என்று உங்கள் டாக்டர் சொல்லட்டும். உங்களுக்கு என்ன கஷ்டம் என்பதை உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள், கோயிலானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி. இதைப் படிக்கிற அக்கா தங்கைகள் இன்னொருத்தியிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் சாமி வந்த கதையில் சிரித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அக்காவின் தங்கைக்குக் கர்ப்பப்பை இல்லை என்பதையும், எனக்கு இருக்கிறது என்பதையும், அதனால்தான் எனக்கு இரண்டு மாத்திரை என்பதையும் சேர்த்து, கூட்டாமல் குறைக்காமல், நான் சொன்னபடியே சொல்லுங்கள்.